கட்டுவிரியன் வந்த வீடு: எதை நம்புவது, எதைச் செய்வது?

கேள்வி: மன்னார்குடிக்கு அருகே வயலை ஒட்டிய ஓட்டு வீட்டில் வசிக்கிறோம். மழை தொடங்கியதிலிருந்து பாம்பு நடமாட்டம் அதிகமாக இருக்கிறது. சென்ற வாரம் இரவு, குளியலறையில் கறுப்பு உடலில் வெள்ளை வரிகளுடன் கிடந்த ஒரு பாம்பை என் கணவர் அடித்துக் கொன்றுவிட்டார். அதன் ஜோடி பழிவாங்க வரும் என்று மாமியார் அஞ்சுகிறார். வீட்டைச் சுற்றிப் பூண்டுச் சாறு தெளித்திருக்கிறோம். வாசலில் ஆகாச கருடன் கிழங்கு கட்டி, கொல்லையில் சிறியாநங்கையும் நட்டிருக்கிறோம். இவை போதுமா? குழந்தைகள் இருவரும் தரையில்தான் படுக்கிறார்கள்.

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். இன்றிரவே குழந்தைகளைக் கட்டிலில் படுக்க வையுங்கள். கட்டில் இல்லையென்றால், பாயின் மேல் கொசுவலையைக் கட்டி, அதன் ஓரங்களைச் சுற்றிலும் பாய்க்கு அடியில் இடைவெளியின்றிச் செருகிவிடுங்கள். நீங்கள் செய்திருக்கும் மற்ற எல்லாவற்றையும்விட இந்த ஒன்றே அவர்களைக் காக்கும்.

நீங்கள் சொல்லும் அடையாளம் இரண்டு பாம்புகளுக்குப் பொருந்தும். கட்டுவிரியனுக்குத் தலைக்கு அருகே வரிகள் மங்கியோ இல்லாமலோ இருந்து, வால் நோக்கிப் போகப் போகத் தெளிவாகும். மெல்லிய வரிகள் பெரும்பாலும் இரண்டிரண்டாக அமைந்திருக்கும். நஞ்சற்ற ஓநாய்ப் பாம்புக்கு இது தலைகீழ்: கழுத்தருகே வரிகள் பளிச்சென்று இருந்து, வால் பக்கம் மறைந்துவிடும். ஆனால் அரையிருட்டில், பதற்றத்தில், இந்த வேறுபாட்டை யாராலும் நிதானமாகப் பார்க்க முடியாது. ஆகவே வந்தது கட்டுவிரியன் என்றே வைத்துக்கொண்டு நடப்பதுதான் அறிவுடைமை.

இந்தப் பாம்பை எட்டடி விரியன் என்றும் சொல்வார்கள். கடிபட்டவர் எட்டடி நடப்பதற்குள் இறந்துவிடுவார் என்பது நம்பிக்கை. பாம்புகளைப் பற்றி நம்மிடையே உள்ள நம்பிக்கைகளிலேயே மிகவும் தீங்கானது இதுதான் என்பேன். கட்டுவிரியனின் நஞ்சு நரம்புமுனைகளைத் தாக்குவது; அறிகுறிகள் தோன்றப் பல மணி நேரம்கூட ஆகலாம். அதன் பற்கள் சிறியவை. கடித்த இடத்தில் வலியும் வீக்கமும் பெரும்பாலும் இருப்பதில்லை. எறும்பு கடித்ததாக நினைத்துப் புரண்டு படுப்பவர்களும், கடிபட்டதையே உணராதவர்களும் உண்டு. எட்டடி நடந்தும் ஒன்றும் ஆகவில்லையே என்று குடும்பத்தினர் நிம்மதி அடையும் அந்த நேரத்தில்தான் நஞ்சு தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

எனவே, இரவு தரையில் படுத்த பிள்ளை விடியற்காலையில் காரணமின்றி வயிற்றுவலி என்று துடித்தாலோ, வாந்தி எடுத்தாலோ, இமைகளைத் தூக்க முடியாமல் தூக்கக் கலக்கத்தில் இருப்பவர்போல் விழித்தாலோ, எச்சிலை விழுங்கச் சிரமப்பட்டாலோ, பல் தடம் தெரிகிறதா என்று தேடிக்கொண்டிருக்காமல் 108-ஐ அழையுங்கள். வேப்பிலையைக் கொடுத்துக் கசக்கிறதா என்று பார்ப்பதும், மிளகாயைக் கொடுத்து உறைக்கிறதா என்று கேட்பதும் எதையும் சொல்லாது. கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது ஆகிய மூன்றும் கேடு. கொலுசு, மோதிரம், அரைஞாண் போன்றவற்றைக் கழற்றிவிட்டு, எலும்பு முறிவுக்குச் செய்வதுபோல் ஒரு மட்டையை வைத்து அந்தக் கை அல்லது காலை அசையாமல் கட்டி, நடக்கவிடாமல் தூக்கிச் செல்லுங்கள்.

மருத்துவமனையில் நீங்கள் நினைவில் வைக்க வேண்டியது ஒன்று உண்டு. சிறிது இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, உறைகிறதா என்று பார்ப்பார்கள். கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் கடியைக் கண்டறிய அது அருமையான சோதனை. ஆனால் கட்டுவிரியன் கடித்திருந்தால் இரத்தம் வழக்கம்போல் உறைந்துவிடும். (பெயரில் விரியன் இருந்தாலும் அது நாகப்பாம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது; அதன் நஞ்சு தாக்குவது நரம்பைத்தான், இரத்தத்தை அல்ல.) இரத்தம் உறைந்துவிட்டது என்பதற்காக வீடு திரும்பாதீர்கள், குறைந்தது 24 மணி நேரம் கண்காணிப்பில் இருக்க வேண்டும். நரம்புமுனைகள் சிதைந்த பிறகு ஏற்றப்படும் நஞ்சுமுறி மருந்தால் அந்தச் சேதத்தைச் சரிசெய்ய முடியாது; உடல் தானாகத் தேறும்வரை சுவாசக் கருவியின் துணையோடு பல நாள் காத்திருக்க நேரிடும். இந்த மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். நம் ஊர்களில் அதிகம் உயிரைப் பறிக்கும் நான்கு பாம்புகளின் நஞ்சுக்கும் ஒரே மருந்துதான். அந்த மருந்தைத் தயாரிக்கத் தேவையான பாம்பு நஞ்சைப் பெருமளவில் சேகரித்துத் தருபவர்கள், 1978-இல் தொடங்கப்பட்டு சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் இயங்கிவரும் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தின் இருளர் பழங்குடி மக்கள் என்பதை நன்றியோடு குறிப்பிட வேண்டும்.

மந்திரித்துப் பிழைத்தவர்கள் இருக்கிறார்களே என்று உங்கள் மாமியார் கேட்கக்கூடும். இருக்கிறார்கள். நம்மிடையே உள்ள பாம்புகளில் பெரும்பாலானவை நஞ்சற்றவை. நஞ்சுள்ள பாம்பும் சில சமயம் நஞ்சைச் செலுத்தாமல் கடித்துவிட்டுப் போகும். அவர்கள் எப்படியும் பிழைத்திருப்பார்கள். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக மதிப்பிடப்பட்டிருக்கிறது. அவர்களில் எத்தனை பேர் மந்திரிப்பவரின் திண்ணையில் நேரத்தை இழந்தவர்கள் என்று எண்ணும்போது மனம் கனக்கிறது.

ஜோடி பழிவாங்கும் என்ற அச்சத்தை உங்கள் மாமியார் விட்டுவிடலாம். பாம்புகள் இணைபிரியாமல் குடும்பம் நடத்துவதில்லை. அடித்தவரின் முகத்தை நினைவில் வைத்துத் தேடி வரும் திறனும் அவற்றுக்கு இல்லை. இனப்பெருக்கக் காலத்தில் பெண் பாம்பு விட்டுச்சென்ற வாசனையைப் பின்பற்றி ஆண் பாம்பு அதே இடத்துக்கு வருவதுண்டு. எலியும் தவளையும் பல்லியும் கிடைக்கும் இடத்துக்கு இன்னொரு பாம்பும் வரத்தான் செய்யும். இவைதான் பழிவாங்கலாகக் கதையாயின.

பூண்டு, பினாயில், கிழங்கு, சிறியாநங்கை ஆகிய எதுவும் பாம்பைத் தடுக்கும் என்பதற்குச் சான்றில்லை. சிறியாநங்கை நிற்கட்டும், ஆனால் அதை நம்பி விறகு அடுக்கைச் சுவரோரம் விட்டுவைக்காதீர்கள். விறகையும் வைக்கோலையும் வீட்டிலிருந்து தள்ளி வையுங்கள். சாக்கடைக் குழாய்களின் வாய்க்குக் கம்பி வலை போடுங்கள். கதவின் அடியில் விரல் நுழையும் இடைவெளி இருந்தாலும் அடையுங்கள். சிந்திய நெல்லும் கோழித் தீவனமும் எலியை அழைக்கும், எலி பாம்பை அழைக்கும். இரவில் எழுந்தால் டார்ச் விளக்கின்றிக் காலைக் கீழே வைக்காதீர்கள்.

வயலில் சாரைப்பாம்பைக் கண்டால் விட்டுவிடுங்கள். அது நல்ல பாம்பின் ஆண் அல்ல. நஞ்சில்லாத தனி இனம், எலியைத் தின்பது. வீட்டுக்குள் எந்தப் பாம்பு வந்தாலும் உங்கள் கணவர் தடியைத் தேட வேண்டாம். அடிக்கப் போய்க் கடிபட்டவர்கள் பலர். தொலைவில் நின்று கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டு, தீயணைப்பு நிலையத்துக்கு 101-இல் சொல்லுங்கள். வந்து பிடித்துச் செல்வார்கள்.