கோழிகளைக் கடலில் எறிந்த காட்சி இருக்கட்டும்

வணக்கம். ரோமுக்கும் வட ஆப்பிரிக்க நகர அரசான கார்த்தேஜுக்கும் இடையே கி.மு. 249-இல் நடந்த ட்ரெபானா கடற்போரை வைத்துச் சிறுகதை எழுதுகிறீர்கள். சகுனம் பார்க்க வைத்திருந்த புனிதக் கோழிகள் தீனி தின்னாததால், ரோமானியத் தளபதி கிளாடியஸ் புல்கர் அவற்றைக் கடலில் எறியும் காட்சி கட்டுக்கதை என்று நண்பர் சொல்கிறார், எடுத்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். எடுக்காதீர்கள். தோல்விக்கு அதைக் காரணமாக்காமல் இருந்தால் போதும்.

நண்பரின் சந்தேகத்திலும் நியாயம் உண்டு. போரை விரிவாக எழுதிய கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் கோழிகளைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அந்தக் கதையைச் சொல்லும் ரோமானிய எழுத்தாளர் சிசரோ எழுதியது போருக்குச் சுமார் 200 ஆண்டுகள் கழித்து.

உண்மையில் நடந்தது இடநெருக்கடி. கார்த்தேஜ் தளபதி அதெர்பால் ட்ரெபானா துறைமுகத்தின் மறுபக்கமாக வெளியேறிவிட்டார். உள்ளே நுழைந்த ரோமானியக் கப்பல்கள் திரும்பும்போது, பின்னால் வந்தவற்றோடு மோதித் துடுப்புகள் முறிந்தன. கரையை ஒட்டி மாட்டிக்கொண்டதால் பின்வாங்க வழியில்லை. 93 கப்பல்கள் எதிரி கையில் சிக்கின. அப்புறம் ரோமில் புல்கர்மீது வழக்கு நடந்து, அபராதமும் விதித்தார்கள்.

ஒன்றை மட்டும் கட்டாயம் திருத்துங்கள். கோழிகள் வெற்றியை முன்கூட்டிச் சொல்வதில்லை. இன்று போரில் இறங்கலாமா என்று ரோமானியர்களின் தலைமைக் கடவுளான யூப்பிட்டரிடம் அனுமதி கேட்பதுதான் அந்தச் சடங்கு. கூண்டைத் திறந்து தீனி போடுவார்கள். ஆவலாகக் கொத்தும்போது அலகிலிருந்து துணுக்கு சிதறித் தரையில் விழுந்தால் மிக நல்ல சகுனம். எந்தத் துணுக்கும் விழாத அந்த நேரத்தில், பார்த்துக்கொண்டிருக்கும் துடுப்புக்காரர்களின் முகங்களைக் காட்டுங்கள். உங்கள் கதையின் உயிர் அங்கேதான் இருக்கிறது.