ஃபுகுஷிமாவில் எவ்வளவு அகற்றியிருக்கிறார்கள் என்பதை நாமே கணக்கு வைத்துக்கொள்ள முடியுமா?

ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் உருகிக் கிடக்கும் எரிபொருளையும் கதிரியக்க மண்ணையும் அகற்றும் பணி எந்த அளவில் இருக்கிறது, செய்திகளைக் கொண்டு அதைக் கணிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். “பணி தொடங்கியது”, “முக்கியக் கட்டம் நிறைவு” என்ற தலைப்புகளை விட்டுவிட்டு, எவ்வளவு எடுத்தார்கள், எடுத்ததை எங்கே வைத்தார்கள் என்ற இரண்டை மட்டும் குறித்து வாருங்கள். கொடைக்கானல்காரனான எனக்கு இந்தப் பழக்கத்தைத் தந்தது எங்கள் ஊர்ப் பாதரசம். 2001இல் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலையின் மண்ணில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் வரை பாதரசம் மிஞ்சலாமா, கூடாதா என்று இங்கே ஆண்டுக்கணக்கில் வாதம் நடந்தது. அன்று முதல், எண் சொல்லாமல் ‘சுத்தம்’ என்று சொல்பவரை நான் நம்புவதில்லை.

2011 மார்ச் 11 சுனாமிக்குப் பின் உருகிய மூன்று உலைகளுக்குள், கான்கிரீட்டோடும் இரும்போடும் கலந்து இறுகிய எரிபொருள் சுமார் 880 டன் இருப்பதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். அதிலிருந்து, தூண்டில் கம்பைப் போல நீளும் குழாய் ஒன்றை இரண்டாம் உலைக்குள் செலுத்தி, 2024 நவம்பரில் 0.7 கிராமும் 2025 ஏப்ரலில் 0.2 கிராமும் எடுத்தார்கள். இரண்டையும் சேர்த்தாலும் ஒரு கிராம் தேறாது. அதற்கு முன் 2024 ஆகஸ்டில், குழாய்களை வரிசை மாற்றி வைத்திருந்தது தெரியவந்து முயற்சியையே நிறுத்த வேண்டியிருந்தது. “எரிபொருள் அகற்றப்பட்டது” என்ற செய்தி வந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள்: நான்காம் உலையிலிருந்து 2014இல் 1,535 எரிபொருள் கட்டுகளையும், மூன்றாம் உலையிலிருந்து 2021இல் 566 கட்டுகளையும் எடுத்தது உண்மை, ஆனால் அவை உலைக்கு வெளியே, எரிபொருளைக் குளிர்விக்கும் நீர்த்தொட்டியில் உருகாமல் இருந்தவை. அது பெரிய வேலைதான், ஆனாலும் இந்தக் கணக்கில் அதைச் சேர்க்கக் கூடாது.

மண்ணின் கணக்கு எனக்கு இன்னும் நெருக்கமானது. ஃபுகுஷிமாவின் வயல்களில் கதிரியக்கம் படிந்த மேல்மண்ணை ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் சுரண்டிக் கறுப்புப் பைகளில் கட்டினார்கள். பூண்டு போடும் எங்கள் படிக்கட்டு நிலத்தில் அந்த 5 சென்டிமீட்டர்தான் அப்பா தொழு உரம் கொட்டிக் கொட்டிக் கறுப்பாக்கிய மண். கையில் அள்ளினால் பொலபொலவென்று உதிரும், அதற்குக் கீழே களிமண்தான். அங்கே அப்படி வழித்தெடுத்துச் சேர்ந்தது சுமார் 1.4 கோடி கன மீட்டர். ஒகுமா, ஃபுதாபா ஊர்களில் தற்காலிகமாக வைத்திருக்கும் அதை 2045 மார்ச்சுக்குள் ஃபுகுஷிமா மாகாணத்துக்கு வெளியே கொண்டுபோய் இறுதியாக அப்புறப்படுத்த வேண்டும் என்பது சட்டம். 2025 ஜூலையில் அதில் சிறிதளவை டோக்கியோவில் பிரதமர் அலுவலகத்துக்கே கொண்டுபோய்ப் பயன்படுத்திக் காட்டினார்கள். ஊர்விட்டுப் போனவர்களின் நிலத்தை இந்தப் பைகள் நிறைத்திருப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

மலைக்காடுகளைத்தான் பெரும்பாலும் தொடவே இல்லை. வீடுகளிலிருந்து சுமார் 20 மீட்டர் தூரம் வரைதான் சருகையும் இலைமக்கையும் வாரினார்கள். முழுக் காட்டையும் அப்படிச் சுரண்டினால், அடுத்த மழையில் சரிவே இறங்கிவிடும் என்பதை ஐப்பசி மழையைப் பார்த்த எந்த மலைக்காரரும் சொல்வார். அந்தக் காடுகளுக்கு என் குறிப்பேட்டில் ‘எடுத்தது’ என்ற பத்தியில் எழுத ஒன்றும் இல்லை. அங்கே படிந்திருக்கும் கதிரியக்கப் பொருளான சீசியம்-137 பாதியாகக் குறைய ஏறத்தாழ 30 ஆண்டுகள் ஆகும் என்பதால், 2041 என்று மட்டும் குறித்து வைத்திருக்கிறேன்.