எஸ்பெராண்டோவின் மனிதநேயம்: கேட்டதும் சொன்னதும்

கே: எஸ்பெராண்டோ என்ற செயற்கைப் பொதுமொழியை உருவாக்கிய சாமென்ஹோஃப் ஒரு கண் மருத்துவர். அவருக்கு ஏன் இந்த மொழி ஆசை?

பியாலிஸ்டோக்கில் பிறந்ததால். 1859இல் சாமென்ஹோஃப் பிறந்தபோது அந்த ஊர் ரஷ்யப் பேரரசில் இருந்தது, இன்று போலந்தில் இருக்கிறது. அங்கே ரஷ்யர், போலந்துக்காரர், ஜெர்மானியர், யூதர் என்று நான்கு கூட்டத்தார், ஆளுக்கொரு மொழி, ஓயாத பகை. எல்லோரும் சகோதரர்கள் என்று வீட்டில் கற்றார். தெருவில் இறங்கினால் மனிதர்களே கண்ணில் படவில்லை, இனங்கள்தான் பட்டன. 1887இல் வார்சாவில் முதல் நூலை வெளியிட்டபோதே, மொழி எல்லோருக்கும் பொதுச்சொத்து என்று சொல்லித் தன் உரிமைகளைத் துறந்துவிட்டார்.

கே: எல்லா மொழிகளையும் ஒழித்து ஒன்றாக்குவதுதானே திட்டம்?

இல்லை. தாய்மொழி அப்படியே இருக்கும். அயலாரோடு பேச, இருவருக்கும் சமமான இரண்டாம் மொழி, அவ்வளவுதான். இருக்கும் மொழிகளை அகற்றும் எண்ணமில்லை என்று 1905இல் பிரான்ஸின் பூலோனில் நடந்த முதல் உலக எஸ்பெராண்டோ மாநாட்டின் பிரகடனமே சொல்கிறது. இதைத் தெரிந்துகொள்ளாமல் வாதத்தில் இறங்காதீர்கள்.

கே: ஆங்கிலம் இருக்கும்போது இது எதற்கு?

ஆங்கிலத்தில் ஒருவர் பிறந்த வீட்டிலேயே பேசுகிறார், மற்றவர் ஆண்டுக்கணக்கில் உழைத்துப் படிக்கிறார். அந்த ஏற்றத்தாழ்வுதான் பிரச்சினை.

கே: ஹோமரானிஸ்மோ என்றால் என்ன?

சாமென்ஹோஃபின் அறக்கொள்கை. 1901இல் யூத ஞானி ஹில்லேலின் பெயரால் ஹில்லேலிசம் என்று தொடங்கினார். உனக்கு வெறுப்பானதைப் பிறருக்குச் செய்யாதே என்பது ஹில்லேலின் போதனை. 1906இல் அதை மனிதகுலம் முழுவதற்கும் விரித்து இந்தப் பெயரிட்டார். அவரவர் மதத்தை வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு நாடு அதில் வாழும் எல்லோருக்கும் சொந்தம், எந்த ஒரு இனத்துக்கும் அல்ல என்றார். எச்சரிக்கை: எஸ்பெராண்டோ பேசுபவரெல்லாம் இதை ஏற்றவர் அல்லர். இரண்டையும் குழப்பாதீர்கள்.

கே: அதே பூலோன் பிரகடனம், எஸ்பெராண்டோ இயக்கம் வெறும் மொழி பரப்பும் முயற்சி, மற்ற இலட்சியங்கள் தனிநபர் விஷயம் என்கிறதே? இலட்சியத்தை ஏன் ஒட்டுகிறீர்கள்?

நல்ல கேள்வி, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். அந்தப் பிரகடனத்தை எழுதியது சாமென்ஹோஃபேதான். ஆனால் எந்தச் சூழலில்? யூத ராணுவ அதிகாரி ட்ரைஃபஸ் மீது பொய்யாகத் தேசத்துரோகக் குற்றம் சாட்டிய வழக்கின் கசப்பு ஆறாத பிரான்ஸ் அது. இயக்கத்தின் பிரெஞ்சுத் தலைவர்களுக்கு அவருடைய யூத அடையாளமும் சங்கடம், சமய மணமும் சங்கடம். கிறிஸ்தவரும் யூதரும் இஸ்லாமியரும் ஒரே கடவுளின் பிள்ளைகள் என்ற கடைசிப் பத்தியை விட்டுவிட்டே தன் பிரார்த்தனைக் கவிதையை மாநாட்டில் வாசித்தார். மறு வருடம், 1906 ஜூனில், பியாலிஸ்டோக்கில் யூதர்களைக் கொன்று குவித்தார்கள். இரண்டு மாதம் கழித்து ஜெனீவா மாநாட்டில் அதைப் பற்றி வாய்திறந்தார். வணிகத்துக்கும் நடைமுறைப் பயனுக்கும் மட்டுமான எஸ்பெராண்டோவோடு நமக்கு உறவே வேண்டாம் என்றார். மொழிக்குள் இருக்கும் அந்தக் கருத்தை 'உள்ளெண்ணம்' என்றார்.

கே: (அதே நண்பர்) இருக்கட்டும். ஆனால் நடுநிலைதானே இயக்கத்தைக் காப்பாற்றியது?

ஒரு பாதி சரி. தொழிலாளர்களும் கத்தோலிக்கர்களும் ஒரே மொழியைப் பேச முடிந்தது அதனால்தான். ஆனால் காப்பாற்றியது என்பதை ஏற்க மாட்டேன். ஜெர்மன் எஸ்பெராண்டோ சங்கம் நாஜிகளுக்கு இணங்கி யூதர்களையே விலக்கியது. 1936இல் அதையும் தடை செய்தார்கள். ஸ்டாலின் காலத்தில் சோவியத் எஸ்பெராண்டோக்காரர்கள் முகாம்களுக்குப் போனார்கள், பலர் சுடப்பட்டார்கள். சாமென்ஹோஃபின் மூன்று பிள்ளைகளையும் நாஜிகள் கொன்றார்கள்: மகன் ஆடம் 1940இல் சுடப்பட்டார், மகள்கள் சோஃபியாவும் லிடியாவும் ட்ரெப்ளிங்கா கொலைமுகாமில் மாண்டார்கள். எஸ்பெராண்டோ வெறும் இலக்கணம் என்று ஹிட்லரும் ஸ்டாலினும் எண்ணியிருந்தால் இவ்வளவு அஞ்சியிருப்பார்களா?

கே: ஆங்கிலமே போதுமே?

முன்பே பதில் சொல்லிவிட்டேன், அதைப் படியுங்கள்.

கே: இலக்கணம் சொல்லித் தருவீர்களா?

அடிப்படை விதிகள் 16. பாடத்துக்கு இது இடமல்ல, நல்ல பயிற்சி நூலை எடுங்கள்.

கே: உலகத்தில் எல்லோரும் ஆங்கிலம் பேசினால்...

இதற்கு மூன்றாம் முறை பதில் இல்லை.

கே: தன் இனத்துக்காகவாவது பேசினாரா?

இளமையில், யூதருக்குத் தனி நாடு கோரிய சீயோன் இயக்கத்தில் இருந்தார், பின்பு விலகினார். 1914இல் யூத எஸ்பெராண்டோ சங்கம் ஒன்று அழைத்தபோதும் சேரவில்லை. எந்தத் தேசியமும் மனிதகுலத்துக்குப் பெருந்துயரம்தான் என்றார். ஆனால் ஒடுக்கப்பட்டவரின் தேசியம் ஒடுக்குபவரின் தேசியத்தைவிட மன்னிக்கத்தக்கது என்றும் சேர்த்தே எழுதினார். அந்த இரண்டாம் பாதியை விட்டுவிட்டு அவரை மேற்கோள் காட்டாதீர்கள்.