முட்டையில்லாத ஒம்லட்டும் உங்கள் பிளேன்டியும்

கேள்வி: வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மரக்கறிச் சாப்பாடுதான். தேயிலைத் தோட்டத்தில் காலை வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போகும் அவசரத்தில், கணவருக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் முட்டையில்லாமல் ஒம்லட் செய்ய வழி உண்டா? கோதுமை மாவைக் கரைத்து ஊற்றினேன், பசையாகக் கல்லில் ஒட்டிக்கொண்டது. எனக்கு ஒரு பிளேன்டி போதும், பாலில்லாத வெறுந்தேநீர்தான். (வாசகி, தலவாக்கலை)

பதில்: கோதுமை மாவை ரொட்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ரொட்டி தட்ட உதவும் அதன் இழுவைதான் ஒம்லட்டைக் கெடுக்கிறது. உங்களுக்கு வேண்டியது கடலை மா. நான்கு பேருக்கு 120 கிராம் எடுங்கள். ஆம், நான்கு பேர். வீட்டில் நீங்களும் இருக்கிறீர்கள்.

முதல் நாள் இரவே லீக்ஸ், வெங்காயம், பச்சை மிளகாயைப் பொடியாக வெட்டி மூடி வையுங்கள். காலையில் எழுந்ததும் மாவில் மஞ்சள், சிறிது பெருங்காயம் போட்டு, தண்ணீரைச் சிறிது சிறிதாக விட்டுக் கட்டியில்லாமல் கரையுங்கள். தோசை மாவைவிடச் சற்று இளக்கமாக இருக்க வேண்டும். நீங்கள் முகம் கழுவிப் பிள்ளைகளை எழுப்பும் பத்து நிமிடத்தில் அது ஊறிவிடும். உப்பையும் மரக்கறியையும் ஊற்றுவதற்குச் சற்று முன்புதான் சேர்க்க வேண்டும். முன்னரே சேர்த்தால் வெங்காயம் நீர்விட்டு மா தளர்ந்துவிடும்.

கல் காய்ந்ததும் எண்ணெய் தடவி மெல்லியதாகப் பரப்பி, மூடி போடுங்கள். விறகடுப்பானால் ஒரு கட்டையை வெளியே இழுத்துவிடுங்கள். தீ அதிகமானால் மேலே கருகி உள்ளே பச்சை வாடை நின்றுவிடும். ஓரம் தானாகக் கல்லைவிட்டு எழும்பும்போது திருப்புங்கள், அதற்கு முன் கரண்டியால் கிளற வேண்டாம். உங்கள் ஊர் உயரத்தில் தண்ணீர் 96 பாகை அளவிலேயே கொதித்துவிடுவதால் முழுக் கடலை அவிய நெடுநேரம் எடுக்கும். மெல்லியதாக ஊற்றிய மாவுக்கு அந்தத் தொல்லை இல்லை.

ஆளுக்கு 30 கிராம் கடலை மாவில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் இருக்கிறது. ஒரு முட்டையிலும் அவ்வளவுதான்.

இனி, 'எனக்கு ஒரு பிளேன்டி போதும்' என்ற வரிக்கு வருகிறேன். போதாது, அம்மா. கூடையைச் சுமந்துகொண்டு மலையேறுபவர் நீங்கள். மத்தியானம் வரை வெறும் சாயத்தண்ணீரும் சீனியும் உங்களைத் தாங்கும் என்று யார் சொன்னது? 2016 ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17 வீதமானோர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். தோட்டப்புறத்தில் மட்டும் அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. தாய் வயிற்றில் இருக்கும்போதே தொடங்கும் குறை இது. தாய்மார் பட்டினி கிடப்பதைத் தியாகம் என்று புகழ்ந்து பழகிவிட்டோம். எனக்கு அதில் கோபம்தான் வருகிறது.

பிளேன்டியை விடச் சொல்லவில்லை. சாப்பாட்டோடு குடித்தால், மாவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தேயிலைச் சாயம் தடுக்கும். ஒரு மணி நேரம் கழித்து மலையில் குடியுங்கள். ஒம்லட்டின் மேல் அரை எலுமிச்சங்காய் பிழிந்தால் அந்தச் சத்து நன்றாகச் சேரும். முதலில் வெந்ததை நீங்கள் சாப்பிட்டுவிட்டு அடுத்ததை ஊற்றுங்கள்.