ரேஸ் வகுப்பு விதிக்குள் நின்றுகொண்டே ஸ்போர்ட்ஸ் காரின் எடையைக் குறைப்பது எப்படி?

இரண்டு சீட் கார், இப்போது காலியாக 1,040 கிலோ, வகுப்பின் (போட்டிப் பிரிவின்) குறைந்தபட்ச எடை 980 கிலோ, அந்த 60 கிலோவை எங்கே எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். ஸ்பானரை எடுப்பதற்கு முன் விதிப்புத்தகத்தில் அந்த 980-க்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஓட்டுநரோடு சேர்த்தா, காலி வண்டியா? டேங்கில் எவ்வளவு பெட்ரோல்? பந்தயத்துக்கு முன் எடை போடுவார்களா, முடிந்து உள்ளே வந்ததுமா? 980 என்பது காலி வண்டிக்கான எடை என்றால், உங்கள் 60 கிலோ கணக்கு சரி. ஹெல்மெட்டும் சூட்டும் சேர்த்து 75 கிலோ ஆளும் அதற்குள் அடக்கம் என்றால், நீங்கள் குறைக்க வேண்டியது 135 கிலோ. இரண்டும் வேறு வேறு வேலை, வேறு வேறு செலவு.

நான் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். புதுச்சேரியில் பழைய எஸ்டீம் ஒன்றை ரேஸுக்குத் தயார் செய்தோம். ஜல்லி லாரியும் கரும்பு லாரியும் ஏறும் எடைமேடையில் நிறுத்தி எடை பார்த்தோம். அந்த மேடை பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும். எண் சரியாக வரம்பில் நின்றது. அந்தச் சந்தோஷத்தோடு வண்டியை ஏற்றிக்கொண்டு இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்குப் போனோம். மூன்றாவதாக வந்த வண்டியைப் பந்தயம் முடிந்து எடை போட்டால் 3 கிலோ குறைவு. எங்கள் ஊரில் எடை பார்த்தபோது டேங்க் கிட்டத்தட்ட நிறைந்திருந்தது. ஒரு லிட்டர் பெட்ரோல் ஏறத்தாழ முக்கால் கிலோ. அதை யாருமே கணக்கில் எடுக்கவில்லை. இடம் போய்விட்டது. ஓட்டிய பையன் ஒன்றும் சொல்லவில்லை, ஹெல்மெட்டைத் துடைத்துப் பையில் வைத்தான். அதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

பெரிய இடத்திலும் இதேதான். 2024 பெல்ஜியம் ஃபார்முலா 1 கிராண்ட் பிரியில் ஜார்ஜ் ரஸ்ஸல் முதலாவதாக வந்தார். பெட்ரோலை வடித்துவிட்டு எடை போட்டபோது வண்டி 796.5 கிலோ, விதி 798. ஒன்றரைக் கிலோவுக்கு வெற்றியே பறிபோனது.

அதன் பிறகு நாங்கள் எடைமேடைப் பக்கம் போகவில்லை. கடலூர் முதுநகரில் மீன் வியாபாரம் செய்யும் அண்ணன் ஒருவரிடம் நான்கு எலக்ட்ரானிக் தராசு இரவல் வாங்கிக்கொள்வோம், மீன் பெட்டி வைக்கும் பிளாட்பாரத் தராசுதான். சக்கரத்துக்கு ஒன்று. 500 கிலோ தாங்கும் தராசு இதற்குத் தாராளம். நான்கும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் டியூபைப் பிடித்து மட்டம் பார்த்து, தாழ்ந்த பக்கம் தகடு கொடுங்கள். ஓட்டுநரை உட்காரவைத்து, பந்தய முடிவில் மிஞ்சும் அளவு பெட்ரோலோடு எடை பாருங்கள். வரம்புக்கு மேல் இரண்டு மூன்று கிலோ கையிருப்பு வையுங்கள்.

இனி கழற்றும் வேலை. ஸ்டெப்னி, ஜாக்கி, கார்பெட், ஸ்பீக்கர், ஏசி கம்ப்ரசர், கண்டென்சர் என்று விதி விடுவதையெல்லாம் எடுங்கள். ஒவ்வொன்றையும் தராசில் வைத்து நோட்டில் எழுதுங்கள். சத்தத்தைக் குறைக்க வண்டியின் தரையில் ஒட்டியிருக்கும் தார் ஷீட் நீங்கள் நினைப்பதைவிடக் கனம். டிரை ஐஸ் (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) போட்டு இறுக வைத்துத் தட்டினால் பெயர்ந்து வரும். ஆனால் கதவையும் ஜன்னலையும் திறந்து வைத்துச் செய்யுங்கள், அதிலிருந்து வரும் வாயு மூச்சை அடைத்துவிடும். நம் ஊருக்கு இன்னொரு எச்சரிக்கை: ஷீட் எடுத்த இடத்தில் வெறும் தகடு தெரிந்தால் அன்றே எபாக்ஸி பிரைமர் அடித்துவிடுங்கள். தேவனாம்பட்டினம் கடற்காற்றில் ஒரு வாரத்தில் துரு பிடிக்கும்.

லெட் ஆசிட் பேட்டரிக்குப் பதில் லித்தியம் பேட்டரி போட விதி அனுமதித்தால் ஏறத்தாழ பத்துக் கிலோ ஒரே அடியில் போகும். பக்கவாட்டுக் கண்ணாடிக்குப் பதில் பாலிகார்பனேட் போடலாம் என்று இருந்தால் அதுவும் நல்லது, அதன் அடர்த்தி கண்ணாடியில் பாதிதான். சக்கரத்தில் குறைக்கும் கிலோவுக்கு மதிப்பு அதிகம். டயரின் வெளிவிளிம்பில் இருக்கும் ஒரு கிலோ உருளவும் ஓடவும் வேண்டியிருப்பதால், வேகமெடுக்கும்போது இரண்டு கிலோவைப் போல நடந்துகொள்ளும். ஆனால் பல வகுப்புகளில் சக்கரத்தின் அளவைக் கட்டிப்போடுகிறார்கள்.

ரோல் கேஜ் (வண்டி கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் கம்பிக்கூண்டு), சீட், பெல்ட், தீயணைப்பான் இவற்றில் எடை தேடாதீர்கள். கேஜ் போட்டால் முப்பது நாற்பது கிலோ ஏறும், அதை ஏற்றுக்கொண்டு வேறு இடத்தில் குறையுங்கள். கதவுக்குள் இருக்கும் பக்கக் கம்பியை அறுத்த வண்டியை நான் பார்த்திருக்கிறேன். அந்த வண்டியில் என் வீட்டுப் பிள்ளையை உட்காரவைக்க மாட்டேன்.

என் கருத்தில் உண்மையான வேலை 980-ஐத் தொட்ட பிறகுதான் தொடங்குகிறது. வரம்புக்குக் கீழே 20 கிலோ போக முடிந்தால் போய்விடுங்கள். பிறகு அந்த 20 கிலோவைப் பாலஸ்டாக, அதாவது எடைக்காகவே பூட்டும் கட்டியாக, திரும்ப வையுங்கள். எடுத்தது உயரத்திலிருந்தும் முனைகளிலிருந்தும். வைப்பது தரையில், சக்கரங்களுக்கு நடுவில். தராசில் எண் அதேதான், வளைவில் வண்டி வேறு. பிஎம்டபிள்யூ எம்3 சிஎஸ்எல்லில் கூரையைக் கார்பன் ஃபைபரில் செய்தபோது மிச்சமானது சில கிலோதான், ஆனால் அது வண்டியின் உச்சியில் இருந்த கிலோ.

பாலஸ்டுக்கு ஈயம் நல்லது. 10 கிலோ ஈயம் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் அளவுகூட வராது. வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகளைப் பையில் கட்டிப் போடலாமா என்று ஒரு தம்பி கேட்டார். கூடாது. ஒரே கட்டியாக, போல்ட் போட்டு, அதிகாரி பார்த்து சீல் வைக்கும்படி இருக்க வேண்டும். ஈயம் மெத்தென்றது, போல்ட் தலை அதைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். மேலும் கீழும் இரும்புத் தகடு கொடுங்கள். 25 ஜி, அதாவது புவியீர்ப்பைப் போல 25 மடங்கு விசையோடு மோதினால் அந்த 10 கிலோ, 250 கிலோவாக இழுக்கும்.

பாலஸ்டை வைத்த பிறகு நான்கு தராசிலும் மறுபடி ஏற்றிப் பாருங்கள். கட்டிலின் ஒரு காலுக்கு அடியில் அட்டை வைத்தால் அந்தக் காலும் அதற்கு மூலைவிட்டமாக எதிரே உள்ள காலும் அதிக எடை தாங்கும். காரும் அப்படித்தான். முன் இடது, பின் வலது இரண்டையும் கூட்டி, மொத்த எடையில் பாதிக்குப் பக்கத்தில் வருகிறதா பாருங்கள். வரவில்லை என்றால் ஸ்பிரிங் தட்டின் உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகிச் சரிசெய்யுங்கள். இது பிசகினால் இடது வளைவில் ஒரு குணம், வலது வளைவில் வேறு குணம் காட்டும்.

இப்படிப் பிரித்த வண்டியைச் சாலையில் ஓட்டாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு இதை அனுமதிக்காது. டிரக்கில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். விதிப்புத்தகத்தின் எடைப் பக்கத்தைப் படம் எடுத்துப் பின்னூட்டத்தில் போடுங்கள், உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.