பந்தயத்தில் ஓடிய குதிரை, லகானை இழுத்தால் இன்னும் வேகமாக ஓடுகிறது. முரட்டுக் கடிவாளம் போடலாமா?

தயவுசெய்து போடாதீர்கள்.

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட்காரன். அப்பா ஈப்போ பந்தயத் திடலில் பல வருடம் சைஸ் வேலை, அதாவது குதிரை பராமரிக்கும் வேலை பார்த்தவர். 2024 அக்டோபர் 5ஆம் தேதி சிங்கப்பூரில் கடைசிக் குதிரைப் பந்தயம் முடிந்த பிறகு, ஓய்வு பெற்ற குதிரைகளைப் பற்றி யாராவது கேட்டாலே எனக்கு மனசு அந்தப் பக்கம் போய்விடுகிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உங்கள் குதிரை அடம்பிடிக்கவில்லை. சொல்லிக்கொடுத்ததைச் செய்கிறது. பந்தயத்தில் ஜாக்கி லகானை இறுக்கிப் பிடித்தபடியேதான் ஓட்டுவார். குதிரையும் அந்தப் பிடியின் மேல் சாய்ந்துகொண்டு ஓடும். வாய் இறுகினால் ஓட வேண்டும் என்றுதான் அது இத்தனை வருடம் படித்திருக்கிறது. நீங்கள் நிற்கச் சொல்லி இழுக்கிறீர்கள், அதற்கு ஓடு என்று கேட்கிறது. அதற்காக அடியும் விழுந்தால் அது என்னவென்று புரிந்துகொள்ளும்?

முதலில் மிருக வைத்தியரைக் கூப்பிட்டுப் பல்லையும் முதுகையும் பார்க்கச் சொல்லுங்கள். கடிவாள இரும்பு பல் இல்லாத ஈறின் மேல்தான் உட்காருகிறது. அங்கே புண் இருந்தால் வலிக்குப் பயந்தே ஓடும். சேணம் முதுகில் அழுத்தினாலும் அப்படித்தான்.

எங்களிடம் கருப்பன் என்று ஒரு குதிரை இருந்தான். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. செம்பனைத் தோட்டத்து மண்சாலையில் அவன் பாய்ந்தபோது என் பலத்தையெல்லாம் போட்டு இழுத்தேன். லோங்காங் (சாக்கடைக் கால்வாய்) ஓரம்வரை போய்த்தான் நின்றான். வாயோரம் ரத்தம். அப்பா என்னைத் திட்டவில்லை. கடிவாளத்தைக் கழற்றிவிட்டுத் தலைக்கயிறு மாட்டினார். எதிரே நின்று கயிற்றைப் பின்பக்கமாக மெல்ல அழுத்தினார், அவ்வளவுதான். கருப்பன் தலையைத் தூக்கினான், பக்கவாட்டில் நகர்ந்து பார்த்தான். அப்பா அழுத்தத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் அவன் உடம்பின் பாரம் பின்னங்காலுக்குப் போனது. அடிகூட எடுத்து வைக்கவில்லை, அதற்குள் அப்பா கயிற்றைத் தளர்த்திவிட்டார்.

"கயிறு இறுகுறது கேள்விடா தம்பி. தளர்றதுதான் பதில். பதிலை லேட்டா சொன்னா அவன் வேற எதையோ படிச்சுக்குவான்" என்றார்.

எல்லாமே இந்தத் தளர்த்தும் நேரத்தில்தான் இருக்கிறது. குதிரை தலையை உதறும்போது விட்டுவிட்டால் உதறக் கற்றுக்கொடுத்தீர்கள். பின்னால் சாயும்போது விட்டால் நிற்கக் கற்றுக்கொடுத்தீர்கள். ஒரு வினாடி பிந்தினாலும் கணக்கு மாறிவிடும்.

இரண்டு வாரம் தரையில் இருந்தே செய்யுங்கள். காலையில் வெயில் ஏறுவதற்கு முன், பத்து நிமிடம் போதும். நன்றாகச் செய்த உடனே நிறுத்திவிட்டு, பிடரிமயிர் முடிகிற இடத்தைச் சொறிந்துவிடுங்கள். குதிரைகள் ஒன்றையொன்று சொறிந்துகொள்கிற இடம் அது, இதயத் துடிப்பே தணியும். தட்டிக்கொடுப்பதைவிட அதற்கு இதுதான் பிடிக்கும்.

அப்புறம் மேலே ஏறி, நடையில் மட்டும். முதலில் உடம்பைக் கனமாக்கி உட்காருங்கள். மூச்சை வெளியே விடுங்கள். "ஹோ" சொல்லுங்கள். அதற்கும் பிறகுதான் லகான், லேசாக. இந்த வரிசை ஒருநாளும் மாறக்கூடாது. சில நாளில் மூச்சு விடும்போதே நடை குறைவதைப் பார்ப்பீர்கள். பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை கணக்குப் போட்டு, குளம்பைத் தட்டி விடை சொல்கிறது என்று ஊரே நம்பியது. 1907இல் ஆராய்ந்தபோது, கேட்பவரின் தலையும் உடம்பும் கண்ணுக்குத் தெரியாத அளவு அசைவதைப் பார்த்துத்தான் அது குளம்பைத் தட்டுவதை நிறுத்தியது என்று தெரிந்தது. அவ்வளவு நுட்பமாகப் படிக்கிற பிராணியிடம் நீங்கள் "ஹோ" என்றும், உங்கள் அண்ணன் "நில்லு" என்றும், பையன் விசில் அடித்தும் சொன்னால் அது நியாயமே இல்லை. வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லை வைத்துக்கொள்ளுங்கள்.

இடையில் பாய்ந்துவிட்டால் இரண்டு லகானையும் சேர்த்துத் தொங்காதீர்கள். இழுத்துத் தளர்த்துங்கள், மறுபடி இழுத்துத் தளர்த்துங்கள், இடம் இருந்தால் பெரிய வட்டமாகத் திருப்புங்கள். சட்டென்று மடக்கித் திருப்பினால் கால் சறுக்கி விழும்.

கருப்பனுக்கு ஐந்து வாரம் ஆனது. உங்களுடையதற்கு எவ்வளவு ஆகும் என்று சொல்ல முடியாது. வைத்தியர் பல்லைப் பார்த்து என்ன சொன்னார் என்று மட்டும் எனக்கு எழுதுங்கள்.