பட்டை ஸ்கோன் (ஈஸ்ட் இல்லாமல் பேக்கிங் பவுடரால் உப்பும், பட்டை மணக்கும் சிறு ரொட்டி) வீட்டில் செய்தால் உப்பாமல் கல் மாதிரி ஆகிறது. எங்கே தப்பு நடக்கிறது?

பெரும்பாலும் இரண்டே இடத்தில்தான். ஒன்று, வெண்ணெய் ஓவனுக்குள் போகும் முன்பே இளகிவிடுகிறது. இன்னொன்று, மாவு பிசையப்பட்டுவிடுகிறது. ஸ்கோன் மாவைப் பிசையவே கூடாது, பிசிறத்தான் வேண்டும்.

8 துண்டுகளுக்கான அளவு இது: மைதா 300 கிராம், சர்க்கரை 50 கிராம், பேக்கிங் பவுடர் 12 கிராம், உப்பு 3 கிராம், பட்டைத்தூள் 2 தேக்கரண்டி, உப்பில்லாத வெண்ணெய் 90 கிராம், முட்டை 1, குளிர்ந்த பால் 110 மில்லி. முட்டை வேண்டாம் என்றால் அதற்குப் பதில் இன்னும் 45 மில்லி பால் சேர்க்கலாம். நிறம் கொஞ்சம் வெளிறும், மற்றபடி குறையில்லை. மைதாவைக் கப்பால் அளக்காதீர்கள். அழுத்தி அள்ளிய ஒரு கப்புக்கும் தளர்வாக நிரப்பிய கப்புக்கும் 30 கிராம் வரை வித்தியாசம் வரும். வறண்ட ஸ்கோனுக்கு அதுவே போதும்.

வெண்ணெயை ஃப்ரீசரில் 30 நிமிடம் வைத்து, காய்கறித் துருவியின் பெரிய கண்ணில் துருவி, உலர்ந்த பொருட்களோடு முள்கரண்டியால் கலப்பது சுலபமான வழி. விரல் நுனியால் உதிர்த்தாலும் சரிதான், ஆனால் உள்ளங்கை படக் கூடாது. அந்தச் சூடே வெண்ணெயை இளக்கிவிடும். பட்டாணி அளவுத் துண்டுகள் அங்கங்கே கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஓவன் சூட்டில் அவை உருகும்போது அதிலிருக்கும் நீர் ஆவியாகி மாவைத் தூக்கும், உருகிய இடம் அடுக்காக நிற்கும். வெண்ணெய் முன்பே உருகி மாவோடு ஒன்றாகிவிட்டால் தூக்குவதற்கு ஆளில்லை, பேக்கிங் பவுடர் மட்டும்தான் மிச்சம். தட்டையாகப் பரவி, பிஸ்கட் போல நொறுங்கும் ஸ்கோனுக்குக் காரணம் இதுதான்.

முட்டையையும் பாலையும் அடித்து, 2 மேசைக்கரண்டி மட்டும் எடுத்து வைத்துவிட்டு மீதியை ஊற்றி, கரண்டியால் பத்துப் பன்னிரண்டு தடவை புரட்டினால் போதும். கையில் பிடித்தால் பிடிபட வேண்டும், அடியில் கொஞ்சம் உலர்ந்த மாவு கிடக்கலாம். அந்த உலர்ந்த மாவைப் பார்த்துப் பதறித்தான் பலரும் மேலும் பிசைகிறார்கள். ஈரம் பட்ட மைதாவைப் பிசையப் பிசைய அதன் புரதமான குளூட்டன் இறுகும். உப்புவது நிற்கும், கடிக்க ரப்பர் போல இருக்கும். நிஜமாகவே சேராவிட்டால், எடுத்து வைத்த பாலை ஒவ்வொரு கரண்டியாக விடுங்கள்.

பட்டை விஷயத்துக்கு வருவோம். தூளை மாவில் மட்டும் கலந்தால் நிறம் வரும், மணம் சுமாராகத்தான் இருக்கும். இரண்டு இடத்தில் சேர்ப்பது நல்லது. மாவில் 2 தேக்கரண்டி போக, இளகிய வெண்ணெய் 30 கிராம், பழுப்புச் சர்க்கரை 40 கிராம், பட்டைத்தூள் 2 தேக்கரண்டி ஆகியவற்றைக் குழைத்து, பேக்கிங் தாளில் மெல்லியதாகத் தடவி, ஃப்ரீசரில் 30 நிமிடம் வையுங்கள். பால் ஊற்றுவதற்குச் சற்று முன் அதைச் சில்லுச் சில்லாக உடைத்து மாவில் போட்டால், வெந்தபின் ஒவ்வொரு சில்லும் ஒரு பட்டைக் கோடாக நிற்கும். சுருளாகத் தடிமனாக இருக்கும் காசியா பட்டையின் மணம் காட்டமானது, ஓவன் சூட்டையும் தாங்கும். மெல்லிய அடுக்குகளாக, கையால் நொறுக்க முடிகிற இலங்கைப் பட்டை மென்மையான மணம் கொண்டது. அதைப் போட்டால் அளவை ஒன்றரை மடங்காக்கலாம். ஆனால் பட்டைத்தூள் நீரைக் குடித்து வழவழப்பாகும் பொருள். தூள் கூடக் கூட மாவு வறளும், ஒரு கரண்டி பால் அதிகம் கேட்கும். ஈஸ்ட் போட்ட மாவில் பட்டை அதிகமானால் ஈஸ்ட் மந்தமாகும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அது உண்மைதான். ஸ்கோனில் ஈஸ்ட் இல்லாததால் அந்தக் கவலை இல்லை.

மாவைத் தட்டி, பாதியாக மடித்து, மறுபடி தட்டுங்கள். இப்படி மூன்று முறை செய்தால் அடுக்கு கூடும். கடைசியில் 18 செ.மீ. அகலம், 2.5 செ.மீ. உயரமுள்ள வட்டமாக்கி, கூர்மையான கத்தியை நேராக அழுத்தி 8 முக்கோணமாக வெட்டுங்கள். கத்தியை இழுத்தாலோ, வட்ட அச்சைத் திருகினாலோ ஓரம் ஒட்டிக்கொண்டு ஸ்கோன் ஒரு பக்கமாகச் சாயும். மேலே பால் தடவும்போது பக்கவாட்டில் வழிய விட்டாலும் இதே கதிதான். ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பட்டைச் சில்லுகளை உள்ளே தள்ளிவிடுங்கள். வெளியே உருகி ஓடும் சர்க்கரைதான் அடியில் கருகிக் கசக்கும்.

வெட்டிய துண்டுகளை ஃப்ரீசரில் 20 நிமிடம் வைத்துவிட்டு, அந்த நேரத்தில் ஓவனை 200 டிகிரி செல்சியஸில் சூடாக்குங்கள். மின்விசிறி ஓடும் ஓவன் என்றால் 180 போதும். சிறிய ஓடிஜியில் (மேசைமேல் வைக்கும் மின் ஓவன்) விளக்கு அணைந்தவுடன் சூடு ஏறிவிட்டது என்று நம்ப வேண்டாம், இன்னும் 10 நிமிடம் பொறுங்கள். சூடு குறைவாக இருந்தால் மாவு இறுகும் முன்பே வெண்ணெய் ஒழுகித் தட்டில் குளமாக நிற்கும். துண்டுகளை 2 செ.மீ. இடைவெளியில் அடுக்கி, நடுத்தட்டில் 16 முதல் 20 நிமிடம் வேகவிடுங்கள். மேற்புறம் பொன்னிறமாக, பக்கம் தொட்டால் ஈரமில்லாமல் இருக்க வேண்டும். அடி மட்டும் சீக்கிரம் சிவந்தால் தட்டுக்கு அடியில் இன்னொரு தட்டு வையுங்கள்.

எல்லாம் சரியாகச் செய்தும் உப்பவில்லை என்றால் பேக்கிங் பவுடரைச் சோதியுங்கள்: அரைத் தேக்கரண்டி தூளில் வெந்நீர் ஊற்றினால் உடனே பொங்க வேண்டும். சும்மா கரைந்தால் தூக்கிப் போடுங்கள். பாலுக்குப் பதில் மோர் ஊற்றுபவர்கள் பேக்கிங் பவுடரை 8 கிராமாகக் குறைத்து, கால் தேக்கரண்டி சமையல் சோடா சேர்க்கலாம். அதற்கு மேல் போனால் சோப்பு வாடை வரும்.

மேலே ஊற்ற, 80 கிராம் ஐசிங் சர்க்கரையும் 1 மேசைக்கரண்டி பாலும் போதும், ஆனால் ஸ்கோன் ஆறியபிறகு. சூட்டில் ஊற்றினால் உருகி ஓடிவிடும். மீதமாகும் என்று தெரிந்தால் வேகவைக்காத துண்டுகளாகவே ஃப்ரீசரில் வையுங்கள், ஒரு மாதம் வரை தாங்கும். உறைந்ததை உருக விடாமல் அப்படியே ஓவனில் வைத்து, 4 நிமிடம் கூடுதலாக விடுங்கள்.